ஒன்பதடிப் பொள்ளாச்சி

ஜூன் 2, ஞாயிறு

நசீமா டீச்சர் எழுதச் சொன்னார்கள், எழுதுகிறேன். ஏழாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. பிழை இருந்தால் பேனாவைத் திட்டவும்.

இன்று குட்டி ரயில் சங்கத்தின் கூட்டம். டீச்சர் வீட்டு மாடியில் மாதத்தின் முதல் ஞாயிறு கூடுகிறார்கள். பிளைவுட் பலகை மேல் ஊரைச் சின்னதாகச் செய்து, தண்டவாளம் போட்டு, கரண்டில் ஓடும் ரயில் விடுகிற ஆட்கள். சின்னப் பிள்ளைகள் இல்லை. டீச்சர் ஃபிசிக்ஸ் எடுத்து ரிட்டயர் ஆனவர்கள். இன்னொருவர் பேங்க் சார், பேர் ராமபத்ரன். அவர் மூன்று வருசமாக ஒரு பாலம் கட்டுகிறார். கவர்மெண்டுக்கே போட்டி.

எங்கள் பையன் யுகி வழக்கமாக உட்காரும் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். ஜனவரிக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் இந்த வருசம் எதை முடிப்பேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். அப்புறம் மாதாமாதம் மற்றவர்கள் கேட்பார்களாம்.

"யுகி என்னங் சொன்னான்?" என்று கேட்டேன்.

"போத்தனூர்ல கெளம்புற வண்டி பொள்ளாச்சி போயி, எஞ்சின் முன்னாடியே இருக்க, அதே பிளாட்பாரத்துக்குத் திரும்பி வரோணும்னு சொன்னான்" என்றார்கள் டீச்சர்.

"அப்ப நானும் அதையே சொல்லிக்கறனுங். புதுசா யோசிக்கறதுன்னா மூளைக்கு வாடக கட்டோணும்."

யாரும் சிரிக்கவில்லை. பேங்க் சார் கண்ணாடியைக் கழற்றி, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்தார்.

"வருசத்தப் பாக்காதீங்க நாச்சிமுத்து. இந்த வாரத்துக்கு ஒண்ணு சொல்லுங்க" என்றார்கள் டீச்சர்.

"தூசி தொடைக்கறனுங்."

"நல்ல இலக்கு. செஞ்சாலும் எழுதுங்க, செய்யலன்னாலும் 'இன்னிக்கு செய்யல'ன்னு எழுதுங்க. அதுதான் இங்க விதி."

என் வீட்டுக்காரி துளசி பொள்ளாச்சியில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். அங்கே ஒரு வைத்தியர் முட்டி வலிக்கு எண்ணெய் போடுகிறார். ஏப்ரலில் போனாள். நல்ல பெரிய முட்டி போலிருக்கிறது.

ஜூன் 3, திங்கள்

தூசி துடைக்கவில்லை. யுகியின் அறைக் கதவு வரை போனேன்.

ஜூன் 6, வியாழன்

காலையில் கிணத்துக்கடவுக்கு ஒரு சீர் லோடு. கட்டில், பீரோ, கிரைண்டர், மெத்தை. பெண்ணின் அப்பா வண்டி பின்னாலேயே நடந்து வந்து, "பாத்துங்ணா, கீறல் படாம" என்று நாலு தடவை சொன்னார்.

"பொண்ணையும் ஏத்திக்கறனுங்களா, சாக்கு சுத்தி?" என்று கேட்டேன். மனிதர் சிரித்துவிட்டார்.

என் குட்டியானை வண்டியில் இதுவரை ஒரு பீரோகூட நசுங்கியதில்லை. விசயம் ஒன்றுதான். சாமானுக்கும் சாமானுக்கும் நடுவில் இடுக்கு விடக்கூடாது. இடுக்கு தெரிந்தால் சாக்கைத் திணி, வைக்கோலைத் திணி, பழைய தலையணையைத் திணி. ஆடுவதற்கு இடம் இருந்தால்தானே ஆடும்.

சாயங்காலம் துடைத்தேன். பலகை ஒன்பதடி நீளம். இந்தக் கோடியில் போத்தனூர் ஸ்டேஷன், அட்டையில் செய்து மஞ்சள் அடித்தது. அந்தக் கோடியில் பொள்ளாச்சி. அங்கே தண்டவாளம் பெரிய வளையமாகச் சுற்றித் திரும்பி வந்து, போன தண்டவாளத்திலேயே சேர வேண்டும். சேருவதற்கு ஒரு சாண் பாக்கி. யுகி விட்டது அங்கேதான்.

சுவிட்சைப் போட்டேன். நீல எஞ்சின், மூன்று பெட்டி. போனது. அந்த ஒரு சாண் இடைவெளிக்கு முன்னால் நிறுத்தினேன். குமிழை அந்தப் பக்கம் திருப்பினால் பின்பக்கமாகவே வருகிறது, மாமியார் வீட்டில் காசு கேட்கப் போய், கேட்காமல் திரும்புகிற மாப்பிள்ளை மாதிரி.

பலகை ஓரத்தில் அவன் டீ டம்ளர் வைத்த வட்டம். அதைத் துடைக்கவில்லை. போகாது.

ஜூன் 9, ஞாயிறு

துளசி போன் செய்தாள்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. என்ற கொழம்பப் பாத்து தெருநாயி கும்புடு போட்டுட்டுப் போவுது."

"மிஷின கொண்டாந்து குடுங்க."

"எந்த மிஷினு?"

"தையல் மிஷின்தான். அக்கா ஊட்டு முன் ரூம்ல போட்டுக்கறேன். இங்க பிளவுஸ் தைக்க ஆளில்லியாமா."

"முட்டி வைத்தியத்துக்கு மிஷின் எதுக்கு? காலுக்கு ஓவர்லாக் அடிக்கறாரா அந்த வைத்தியரு?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் இன்னொன்றும் சொன்னேன், அது நினைவில்லை. "எப்ப கொண்டாறீங்க?" என்றாள். வண்டிக்கு டைம் கேட்டுச் சொல்கிறேன், அதற்கு இப்போது பெரிய மனுசத்தனம் வந்துவிட்டது என்றேன். வைத்துவிட்டாள்.

வாரத்துக்கு இரண்டு வீடாவது மாற்றிக் கொடுக்கிறவன் நான். எதை ஏற்றினால் ஆள் திரும்ப மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கட்டில் போனாலும் திரும்பி வருகிறார்கள். பீரோ போனாலும் சண்டை தீர்ந்து வருகிறார்கள். தினமும் கை வைக்கிற சாமான் போனால் போனதுதான். அம்மிக்கல் ஏற்றிய வீடு எதுவும் நான் பார்த்து மறுபடி சேர்ந்ததில்லை.

ஆகவே இலக்கு இது. வண்டி திரும்பி வரவேண்டும். வந்ததும் துளசியைக் கூப்பிட்டுக் காட்டுவேன். வருவாள். மிஷின் அதுவரைக்கும் ஜன்னல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ஜூன் 13, வியாழன்

லோடு இரண்டு. ரயில் வேலை செய்யவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். மார்ச்சில் எடுத்துக்கொண்டு போன பைக்கைத் திருப்பித் தருகிறார்களாம், வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். போனேன்.

மதில் ஓரத்தில் நின்றது. முன்சக்கரம் உள்ளே மடங்கியிருந்தது. கோவைக் கொடி ஒன்று ஹேண்டில்பார் வரைக்கும் ஏறி, இரண்டு பூவும் விட்டிருந்தது. ஏட்டய்யா கையெழுத்து வாங்கிக்கொண்டு, "பையனோட வண்டிங்களா?" என்றார்.

"ஆமாங்."

"மனசத் தேத்திக்குங்க."

"அதெல்லாம் நல்லாத்தானுங் இருக்கறேன். வண்டிதான் இங்க உக்காந்து தின்னு கொடியும் கிளையுமா ஆயிருச்சு. வளத்துக் குடுத்ததுக்கு ஸ்டேஷனுக்கு எதாச்சும் தரோணுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

கொடியை அறுத்தேன். இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். படுக்க வைத்து, இரண்டு பக்கமும் சாக்கு திணித்து, கயிறு போட்டேன். நல்ல கட்டு. ஆடவில்லை. ஈச்சனாரி தாண்டி அவன் விழுந்த அந்த வளைவில் மூன்றாவது கியரில் போனேன். அவ்வளவுதான்.

பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நாளைக்குத் தார்ப்பாய் போட வேண்டும்.

ஜூன் 19, புதன்

தார்ப்பாய் போட்டேன். சாப்பிட்டேன். தூங்கினேன்.

ஜூன் 27, வியாழன்

இன்று பெரிய வேலை. அந்த ஒரு சாண் தண்டவாளத்தைப் போட்டுவிட்டேன். ஈயம் வைக்கிற கம்பியைச் சூடு பண்ணி, மூட்டுக்கு மூட்டு ஈயம் வைத்து ஒட்டினேன். எலக்ட்ரிக் கடை ரத்தினம் பார்த்தால் என்னை வேலைக்கு எடுத்துக்கொள்வான். மறுநாளே துரத்தியும் விடுவான்.

வேலையோடு வேலையாக இன்னொன்றும் கண்ணில் பட்டது. வளையம் ஆரம்பிக்கிற இடத்தில் இரண்டு கம்பியிலும் வெட்டு. முடிகிற இடத்திலும் இரண்டு கம்பியிலும் வெட்டு. ஒரு தீக்குச்சி கனம்கூட இல்லை. அதில் சின்னதாகப் பிளாஸ்டிக் ஏதோ சொருகியிருந்தது. அவசரத்தில் விட்டிருக்கிறான் போல. கிண்டி எடுத்துவிட்டு, கம்பித் துண்டு வைத்து, நாலையும் ஈயத்தால் அடைத்துவிட்டேன். மேலே விரலை ஓட்டிப் பார்த்தேன். வழுவழு. இடுக்கு என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை.

ஏதோ கருகுகிற வாசம் வந்தது. அடுப்பில் பால் வைத்தேனா என்று எழுந்து போய்ப் பார்த்தேன். அடுப்பு சும்மா இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் என் ஆள்காட்டி விரல். சூட்டுக் கம்பி மேலேயே வைத்திருந்திருக்கிறேன். கொப்புளம் பெரிய அவரைக்கொட்டை அளவு. வலி தெரியவில்லை. விரல் என்னுடையதுதானா என்று எண்ணிப் பார்த்தேன், கணக்கு சரியாக இருந்தது.

நாளைக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஜூன் 28, வெள்ளி

ஓடவில்லை. வளையத்தில் இல்லை, போத்தனூரிலேயே. சுவிட்ச் போட்டால் கரண்ட் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது, எஞ்சின் அசையவில்லை. நேற்று முன்தினம் வரைக்கும் பொள்ளாச்சி போன வண்டி. இப்போது பிளாட்பாரத்தை விட்டே நகர மாட்டேன் என்கிறது.

எஞ்சினைத் திருப்பிப் போட்டு, ஊதி, துடைத்து, ஒரு திட்டும் திட்டினேன். சிவப்பு விளக்கு.

ஜூலை 7, ஞாயிறு

கூட்டம். பேங்க் சார் பாலத்தில் இந்த மாதம் இரண்டு தூண் ஏறியிருக்கிறது.

"இந்த வேகத்துல போனா ஆத்துல தண்ணியே வத்திருங் சார். பாலமே தேவப்படாது" என்றேன்.

அவர் நன்றாகச் சிரித்தார். டீச்சர் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க சொல்லுங்க. எதுவரைக்கும் வந்துருக்குது?"

"பொள்ளாச்சி வரைக்கும் வந்தாச்சுங். எளநீ குடிச்சுட்டு இருக்குது. திரும்பறது ஒண்ணுதான் பாக்கி."

"ஓடுதா?"

"ஓடறதுன்னா எப்புடிங் டீச்சர்? நீங்க இந்த வயசுல மாடிப்படி ஏறலீங்களா, அந்த மாதிரி."

"ஒரு கேள்வி கேட்டா ஒரு பதில் சொல்லுங்க நாச்சிமுத்து. உங்க பையனும் இப்படித்தான் கிண்டல் பேசுவான். ஆனா கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுத்தான் பேசுவான்."

டீ வந்தது. குடித்தேன். இஞ்சி போட்டிருந்ததாம், பேங்க் சார் சொன்னார்.

ஜூலை 14, ஞாயிறு

துளசியின் அக்கா வேலாத்தாள் போன் செய்தார்கள். நான் நங்கையா என்று கூப்பிடுவேன். எனக்குச் சரியாக வாய் கொடுக்கிற ஒரே ஆள் எங்கள் சொந்தத்தில் அவர்கள்தான்.

"ஏன் மாப்ள, மிஷின் நடந்து வருதா?"

"லாரி ஸ்ட்ரைக்குங் நங்கையா."

"உங்க குட்டியானைக்கு எவன் ஸ்ட்ரைக் பண்றான்? அதே பாதி நாளு ஸ்ட்ரைக்லதான் இருக்குது."

"முட்டி எப்புடி இருக்குதுங்?"

அங்கே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் குரல் மாறிவிட்டது.

"அவளுக்கு முட்டியில ஒண்ணுமில்ல மாப்ள. உங்களுக்கும் தெரியும். அன்னிக்குப் பையன எடுக்கறப்ப நீங்க தூக்கறவங்ககிட்ட என்னமோ சொல்லி, நாலு பேரும் சிரிச்சாங்களாமா. இவ ஜன்னல்ல நின்னு பாத்துட்டு இருந்துருக்கறா. அதுக்கப்பறம் ஊட்டுலயும் ஒரு நிமிசம் சும்மா இருக்க மாட்டேங்கறீங்களாமா. நான் அழுவறதுக்கு எடமே குடுக்க மாட்டேங்கறாரு அக்கான்னு சொல்றா. அங்க அவளால இருக்க முடியல. மிஷினக் கொண்டாந்து போட்டுருங்க. இங்கயே தச்சுப் பொழச்சுக்கட்டும்."

"சரிங் நங்கையா. அடுத்த தடவ அழுதுக்கறேன்."

அவர்கள் போனை வைத்துவிட்டார்கள். அடுத்த தடவை என்று சொன்னேன் என்பது வைத்த பிறகுதான் தெரிந்தது.

தோள் கொடுத்த நாலு பேரும் என் வண்டியில் ஏற்றி இறக்குகிற பையன்கள். வாசல்படி இறங்கும்போது முன்பக்கம் தாழ்ந்தது. "மெதுவாடா, லோடு சாயுது" என்றேன். தினமும் சொல்வதுதான். பழக்கத்தில் சிரித்துவிட்டார்கள்.

ரயில் வேலை செய்யவில்லை.

ஜூலை 22, திங்கள்

ஆடி. முகூர்த்தம் இல்லை, யாரும் வீடும் மாற்றமாட்டார்கள். வண்டி வேப்பமரத்தடியில் நிற்கிறது. ஆவணி பிறந்தால் மூச்சு விட நேரம் இருக்காது. அதற்குள் முடிக்க வேண்டும் என்பது இலக்கு. எப்படி என்பது தெரியவில்லை.

துளசியின் மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். நூல் இல்லாமல் மிதித்துப் பார்த்தேன். சத்தம் நன்றாக வருகிறது. துணிதான் இல்லை.

காய்கறிக்காரம்மா வாசலில், "அம்மா இன்னும் வரலீங்களா?" என்றது. "வைத்தியருக்கு இவளப் புடிச்சுப் போச்சு, விட மாட்டேங்கறாரு" என்றேன். அது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கத்தரிக்காய் அரைக்கிலோ வாங்கினேன். சமைக்கவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

செய்யவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் கூட்டத்துக்குக் கிளம்பச் சட்டை தேடிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ சத்தம். டீச்சரும் பேங்க் சாரும் இறங்கினார்கள்.

"இந்த மாசக் கூட்டம் இங்க. மத்தவங்க ஆடி நோம்பிக்கு ஊருக்குப் போயிட்டாங்க" என்றார்கள் டீச்சர்.

"சொல்லியிருந்தா வாழைமரம் கட்டியிருப்பேனே."

"ரூம் எங்க இருக்குது?"

இரண்டு பேரும் அந்த அறை வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். பேங்க் சார் செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு வந்தார். போத்தனூர் ஸ்டேஷனைக் குனிந்து பார்த்து, "பெயிண்ட் எவ்வளவு நேர்த்தியா அடிச்சிருக்கான் பாருங்க" என்றார்.

டீச்சர் சுவிட்ச் போட்டார்கள். சிவப்பு விளக்கு. எஞ்சினைத் தொடவே இல்லை. பலகை ஓரமாக நடந்து, தண்டவாளத்தில் விரல் வைத்துக்கொண்டே போய், வளையம் ஆரம்பிக்கிற இடத்தில் நின்றார்கள்.

"இத யாரு அடைச்சது?"

"நாந்தானுங். நாலு எடத்துல விட்டு வெச்சிருந்தான். நீட்டா முடிச்சுட்டேன்."

பேங்க் சார் "அய்யோ" என்று மெதுவாகச் சொன்னார்.

"இங்க பாருங்க" என்றார்கள் டீச்சர். "இந்த லைன் சுத்தி வந்து, தன்னையே வந்து முட்டுது. அப்ப இந்தப் பக்கத்துக் கம்பி போயி அந்தப் பக்கத்துக் கம்பியோட சேந்துருது. ரெண்டும் தொட்டா ஷார்ட். கரண்ட்டு அங்கயே முடிஞ்சுரும், வண்டிக்குப் போகாது. அதுக்குத்தான் நடுவுல வெட்டி விடறது. இந்த எடம் சும்மா இருந்தாத்தான் மத்த எடமெல்லாம் ஓடும். அவன் மறந்து விட்டதில்ல நாச்சிமுத்து. வேணும்னே விட்டது. நீங்க அடைச்சுட்டீங்க."

எனக்கு ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தேன். அது எங்கே போனதென்று தெரியவில்லை. மூடிக்கொண்டேன்.

டீச்சர் கைப்பையிலிருந்து மெல்லிய ரம்பப்பட்டை எடுத்தார்கள். பொட்டலம் கட்டிக்கொண்டு தயாராகத்தான் வந்திருக்கிறார்கள். பேங்க் சார் டார்ச் பிடித்தார். நான் தண்டவாளத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நாலு இடத்திலும் என் ஈயத்தை அறுத்து எடுத்தார்கள். பிளாஸ்டிக் துண்டு வைத்தார்கள். ரம்பத்தின் கிறீச் சத்தத்தைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. யாரும் பேசவில்லை. நானும்.

அப்புறம் பலகைக்கு அடியில் கையை விட்டுத் தடவி, "இருக்குது" என்றார்கள். யுகி வைத்த ஒரு சுவிட்ச். எதற்கென்று தெரியாமல் நான் அதைத் தொட்டதே இல்லை.

வண்டியை விட்டார்கள். போத்தனூரை விட்டு நகர்ந்தது. நடு ஸ்டேஷன் கிணத்துக்கடவு தாண்டியது. பொள்ளாச்சி வளையத்துக்குள் மூன்று பெட்டியும் போனதும் நிறுத்தினார்கள்.

"இப்ப அந்த சுவிட்சத் தள்ளுங்க."

"அது அங்க நிக்கறப்ப இங்க என்னத்துக்குங்?"

"வண்டி திரும்பி நின்னுட்டிருக்குது. இங்க நம்ம பக்கத்து லைன் இன்னும் அது போனப்ப இருந்த மாதிரியே இருக்குது. இப்படியே வந்தா அந்த வெட்டுல வந்து நின்னு போகும். அத ஒண்ணும் பண்ண முடியாது. மாத்தறதுன்னா ஊட்டுப் பக்கம்தான் மாத்தோணும்."

தள்ளினேன். டீச்சர் குமிழைத் திருப்பினார்கள். வளையத்தைச் சுற்றி, வெட்டு இருந்த இடத்தில் டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் வந்துகொண்டே இருந்தது. எஞ்சின் முன்னால். கிணத்துக்கடவு. போத்தனூர். நின்றது.

பேங்க் சார் கைதட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார். டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முந்தானை கண்ணுக்குப் போனது தெரிந்தது.

எனக்கு ஒன்றும் இல்லை. வந்தது, நின்றது, பார்த்தேன். டீ போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். மூன்று பேரும் குடித்து முடித்தோம், யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

சாயங்காலம் துளசிக்குப் போன் போட்டேன். கூப்பிட்டுக் காட்டுவது என்பதுதான் திட்டம்.

"வண்டி திரும்பி வந்துருச்சு, துளசி."

"எந்த வண்டி?"

"யுகியோட வண்டி."

"ம்."

வா, வந்து பார், டிக்கெட்டை நான் எடுக்கிறேன், ஜன்னல் சீட் என்று என்னென்னவோ வரிசையாக வைத்திருந்தேன். ஒன்றையும் எடுக்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

"இருக்கீங்களா? லைன் கட்டாயிருச்சா?"

"இருக்கறேன்."

அந்தப் பக்கம் நங்கையா வீட்டில் குக்கர் விசில் அடித்தது. இன்னொன்றும் அடித்தது. யாரோ வாசலில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். நான் பேசவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது. தும்மலை அடக்குகிற மாதிரி.

"அன்னிக்கு அவன் சாப்டாமப் போயிட்டான்" என்றாள் துளசி.

மார்ச்சுக்குப் பிறகு அவள் என்னிடம் அவனைப் பற்றிச் சொன்ன முதல் பேச்சு இது.

"கல்லுல தோச கெடந்துச்சு. எடுத்துத் தர்றேன் இருடான்னேன். வந்து சாப்டுக்கறேம்மான்னுட்டுப் போனான். அந்தத் தோசைய நான் என்ன பண்ணுனேன்னு எனக்கு நெனப்பே வரமாட்டேங்குது. அதயேதான் நெனச்சுட்டு இருக்கறேன்."

"ம்" என்றேன்.

அழுதாள். ரொம்ப நேரம் அழுதாள். நான் போனை வைக்கவில்லை.

கடைசியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மிஷினு?" என்றாள்.

"ஞாயித்துக்கெழம கொண்டாறேன்."

வேறு என்ன சொல்வது. கேட்கிறாள், கொடுக்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, சனி

மிஷினை ஏற்றினேன். பையன்களைக் கூப்பிடவில்லை, நானே. மேல் பாகத்தைக் கழற்றிப் போர்வையில் சுற்றினேன். ஸ்டாண்டைத் தனியாக. நூல்கண்டு டப்பா, கத்தரிக்கோல், அளவு டேப், ஊக்குப் பொட்டலம். அவள் உட்காருகிற ஸ்டூலையும் எடுத்துக்கொண்டேன். கேட்கவில்லை, இருந்தாலும் இது இல்லாமல் எதில் உட்காருவாள்.

ஜன்னல் பக்கத்தில் தரையில் நாலு கால் தடம் தெரிகிறது.

சாக்கு திணித்துக் கயிறு போட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பொள்ளாச்சி போய்ச் சேர்ந்தபோது நங்கையா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க மாப்ள. ஸ்ட்ரைக் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்."

அடுத்தது வருமென்று துடைப்பத்தோடு நின்று பார்த்தார்கள். வரவில்லை. "என்னாச்சு இவருக்கு, நாக்குக்கு லீவு உட்டுட்டாரா?" என்று உள்ளே பார்த்துச் சொன்னார்கள்.

துளசி வெளியே வந்தாள். இளைத்திருக்கிறாள். முட்டி நன்றாக இருக்கிறது, படியைக் குதித்துத்தான் இறங்கினாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஸ்டூலைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அதன் மேலேயே கை வைத்திருந்தாள்.

நான் பின் தட்டை இறக்கி அதன் மேல் உட்கார்ந்தேன். அவளும் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். நங்கையா காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

தெருவில் ஒரு இளநீர் வண்டி போனது. எதிர் வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டு எங்களையே பார்த்தார். சொல்ல வேண்டிய கிண்டல் கண்ணுக்கு முன்னாலேயே நுரை தள்ளிக்கொண்டு நின்றது. சொல்லவில்லை.

"ஏனுங், ஒண்ணும் பேச மாட்டேங்கறீங்க?" என்றாள்.

"பேசறதுக்கு என்ன இருக்குது துளசி. பையன் போயிட்டான்."

நான்தான் சொன்னேன். என் குரலில்தான் கேட்டது. இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை என்பது சொன்ன பிறகு தெரிந்தது.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அழவும் இல்லை. காப்பி ஆறி ஆடை கட்டியது. அப்படியே இருந்தோம்.

ரொம்ப நேரம் கழித்து, "எத்தன பெட்டி?" என்றாள்.

"மூணு."

"எஞ்சின் முன்னாடியேதான் வந்துச்சா? பின்னால தள்ளிட்டு வரலியே?"

"முன்னாடிதான்."

"அதத்தான் சொல்லிட்டே இருப்பான்" என்றாள். எழுந்து உள்ளே போனாள்.

வெயில் ஏறிவிட்டது. லோடை இறக்கிவிட்டுக் கிளம்பலாம் என்று எழுந்தேன். முதல் முடிச்சை அவிழ்த்தேன். இரண்டாவது முடிச்சு இறுகிக் கிடந்தது, நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தேன். உள்ளே அக்கா தங்கை இரண்டு பேரும் ஏதோ பேசுகிற சத்தம். பீரோக் கதவு சாத்துகிற சத்தம்.

துளசி வாசலில் நின்றாள். கையில் ஏப்ரலில் கொண்டுபோன பை.

"கயத்த அவுக்காதீங்க" என்றாள்.

அவிழ்த்த முடிச்சை மறுபடி போட்டேன். கயிறு இழுக்கும்போது ஆள்காட்டி விரலில் சூடு பட்ட இடம், புதுத் தோல், நெருப்பாக எரிந்தது. ஸ்டியரிங் பிடிக்கவே கஷ்டமாகத்தான் இருந்தது. கிணத்துக்கடவு தாண்டும் வரைக்கும் எரிந்துகொண்டே வந்தது. ஈச்சனாரி வளைவில் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். இரண்டு பேரும் இறங்கி நின்றோம். அப்புறம் வீட்டுக்கு வந்தோம்.

விதிப்படி எழுதுகிறேன்: இன்று ரயில் வேலை எதுவும் செய்யவில்லை.